பின்னணியில் இரைச்சல் இல்லை

எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் என்னை நல்ல மகன் என்றுதான் சொல்வார்கள். பக்கவாதம் வந்து படுத்த அப்பாவை விட்டு நகராதவன், வேலை முடிந்து வந்ததும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான் என்பார்கள். உட்கார்ந்தது உண்மைதான். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததையும் சன்னல் வழியாகப் பலர் பார்த்திருக்கிறார்கள். துணைக்கு இருந்துகொண்டே பாட்டுக் கேட்கிறான், பாவம், அவனுக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்டது பாட்டு இல்லை. அப்பாவுக்குத் துணையாகவும் நான் அங்கே உட்காரவில்லை.

சிற்றலை வானொலியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே நிறைய வெற்றிடம் உண்டு. அங்கே பொறுமையாகக் காது வைத்தால், யார் அனுப்புகிறார்கள், யாருக்கு அனுப்புகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத சில ஒலிகள் வரும். ஒரு பெண் குரல் எண்களை மட்டும் வாசித்துவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் போய்விடும். ஏதோ ஓர் இயந்திரம் நாள் முழுவதும் முக்கிக்கொண்டே இருக்கும். உளவுக்காரர்களின் வேலை என்பார்கள், கப்பல்களுக்கு அனுப்புவது என்பார்கள், அறிவியல் சோதனை என்பார்கள். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதில் ருசி. இந்த ஒலிகளைத் தேடிப் பிடித்து, வந்த நேரத்தையும் அலைவரிசையையும் குறித்து, முடிந்தால் பதிவும் செய்து, இணையத்தில் இதே பைத்தியம் பிடித்த வேறு சிலருக்கு அனுப்புவது என் பொழுதுபோக்கு.

இது தொடங்கியது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். செனாவாங்கில் நான் டெக்னீசியனாக இருக்கும் தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் கையடக்க வானொலி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். தமிழ் ஒலிபரப்பு ஏதாவது கேட்கலாம் என்றுதான் வாங்கினேன். முதல் வாரமே அந்த எண் வாசிக்கும் பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன். என் மனைவி ஒரு நிமிடம் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "மத்த ஆம்பளைங்க பாட்டு வாங்குவாங்க. நீங்க இரைச்சல வாங்கி வச்சிருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னைத் தேடி யாராவது வந்தால், "உள்ள இருக்காரு, காத்துகிட்ட பேசிகிட்டு" என்று சொல்லி அனுப்புவாள்.

எங்கள் வீடு லுக்குட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில், தோட்டத்து நிலத்தின் ஒரு மூலையை வெட்டிக் கட்டிய மலிவு விலை வீடுகளில் கடைசி வரிசை. பின்னால் ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வானொலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பின்னறைச் சன்னலிலிருந்து சாக்கடைக்கு அப்பால் நின்ற ரம்புத்தான் மரம் வரை ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினேன். ஆனால் நல்ல கம்பி நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பிடிக்கும். சிற்றலைக்குப் பெரிய எதிரி பக்கத்து வீட்டு மின்சாரம்தான். மலிவு சார்ஜர், சாமி மேடையில் மினுக்கும் விளக்குச் சரம், பழைய குளிர்ப்பெட்டி, எல்லாமே வானொலிக்குள் புகுந்து டர்ரென்று உறுமும். எது உறுமுகிறது என்று கண்டுபிடிக்க நான் வானொலியைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சுவரோரம் நடந்திருக்கிறேன். சேதி பரவிவிட்டது. ஒரு நாள் நான்காவது வீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"எங்க வூட்டயும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க தம்பி. கொஞ்ச நாளா வூட்டுல எதுவும் சரியில்ல."

நான் பேய் பிடிக்கிறவன் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் கருவி இரைந்துகொண்டிருந்தது. மாற்றச் சொன்னேன். மாற்றியபின் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதாக அந்த அம்மா கோயிலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படி ஊரார் வீட்டு இரைச்சலையெல்லாம் ஒவ்வொன்றாக ஒழித்தவன் நான். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஓர் இரைச்சல் இருந்தால் அதன் சுவிட்சைத் தேடு, அணை. அதற்கு மேல் யோசித்துப் பழக்கமில்லை.

அப்பா விழுந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. தோட்டத்தில் குலை வெட்டியவர். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே இருபதடி உயரத்துக் குலையை அண்ணாந்து அறுத்துத் தள்ளிய உடம்பு. வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிற்று. பேச்சு நின்று, பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இளைப்பாறி இளைப்பாறிப் பேசுவார். அவரைப் பின்னறையில் கிடத்தினோம். காற்று அங்கேதான் வரும்.

தெரிந்தவர் ஒருவர் தம் தாயாருக்கு வாங்கியிருந்த காற்று மெத்தையை, தாயார் போனபின் எங்களுக்குக் கொடுத்தார். நெடுகக் குழாய் குழாயாக இருக்கும் மெத்தை அது. கட்டில் காலில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு பம்ப். சில நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வரிசைக் குழாய்களில் காற்று இறங்கும், அடுத்த வரிசையில் ஏறும். படுத்திருப்பவரின் உடம்பில் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்காது. கிளினிக்கிலிருந்து வந்த மிஸ்ஸி, தாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், இரண்டு விஷயங்களை விரல் நீட்டிச் சொன்னார். இந்தப் பம்ப் நிற்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒன்று இருக்கிறதென்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

நானும் மனைவியும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் நிரந்தரக் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் வீடு வந்துவிடுவேன். நான்கு மணிக்கு அவள் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு லுக்குட்டுக்குக் கிளம்புவாள். அங்கே ஒரு சீன அம்மா திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தார். நாலரையிலிருந்து எட்டு வரை அங்கே வேலை. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் வெளியே போன முதல் வேலை அது. சன்னல் அளவைக் கேட்டதுமே எத்தனை மடிப்பு வைக்கலாம் என்று மனசுக்குள் போட்டுச் சொல்லிவிடுவாளாம். கடைக்கார அம்மா அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நடித்துக் காட்டுவாள். எட்டரை மணிக்கு அவள் திரும்பும்வரை அப்பா என் பொறுப்பு. ஆறு மணிக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை நான் அவரைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு.

அப்பா விழுந்தபின் சில மாதம் நான் வானொலியைத் தொடவில்லை. பிறகு ஒரு மாலை சும்மா போட்டேன். கம்பி அந்த அறைச் சன்னலில்தானே இருக்கிறது, அப்பாவோடு இருந்த மாதிரியும் ஆயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றுதான் அது வந்தது. ஆறு ஊதல்கள், கீழிருந்து மேலே படி ஏறுவதுபோல. பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. மறுபடி ஆறு. நான்கு நிமிடம் நடந்து, சட்டென்று அறுந்துபோயிற்று. பழைய பதிவுகள் எதிலும் இப்படி ஒன்று இல்லை. இணையக் குழுவில் எழுதினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. இடி மின்னல் நாள் தவிர மற்ற நாட்களில் ஆறரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் அதன் மேல் ஒரு பெரிய உறுமல் படிந்திருந்தது. ஐந்தாவது ஊதலும் ஆறாவது ஊதலும் அந்த உறுமலில் பாதி மூழ்கிவிடும். வழக்கம்போல வானொலியைத் தூக்கிக்கொண்டு மூலத்தைத் தேடினேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கட்டில் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் வானொலி அலறியது. அப்பாவின் பம்ப்.

"அப்பா, கொஞ்ச நேரம் இத அடைச்சி வைக்கிறேன். உடனே போட்டுருவேன்" என்றேன்.

"ம்" என்றார்.

அந்த ஒரு "ம்"மை இரண்டு மாதம் அனுமதிச் சீட்டாக வைத்திருந்தேன். சுவிட்சைத் தட்டினேன். ஹெட்போனுக்குள் திடீரென்று வெளி திறந்துகொண்டது. அப்படி ஒரு சுத்தமான அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஆறு ஊதலும் முத்து முத்தாக வந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பதிவைக் குழுவுக்கு அனுப்பினேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதினார்கள். வேறு சிலரும் அதை லேசாகக் கேட்டிருந்தார்கள், ஆனால் என்னுடையதுதான் தெளிவு. குழுவில் எல்லோரும் மதிக்கும் ஒருவர், பின்னணியில் இரைச்சலே இல்லையே, எப்படிச் சாத்தியம் என்று கேட்டார். நான் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் வசிக்கிறேன், இங்கே சுற்றிலும் மின்சாரத் தொல்லை இல்லை என்று பதில் எழுதினேன். கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். ஏதாவது ஒழுங்கு புலப்படுகிறதா என்று பார்க்க இரண்டு மாதம் தினமும் பதிவு செய்ய முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்றேன். தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடமாக என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை.

ஆகவே தினமும் ஆறு இருபதுக்குப் பம்பை நிறுத்துவேன். ஊதல் வந்து முடிந்ததும் போடுவேன். வராத நாளில் ஏழே முக்காலுக்குப் போடுவேன். சில நாள் வந்த சந்தோஷத்தில் பதிவை வெட்டி ஒட்டிக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருப்பேன், வாசலில் மனைவியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து ஓடிப் போய்ச் சுவிட்சைத் தட்டுவேன். இது ஒன்று. இன்னொன்று அந்த ஆறு மணித் திருப்பல். அப்பா கனத்த உடம்பு. அவரைத் திருப்பித் தலையணைகளை முட்டுக்கொடுத்து முடிக்கக் கால்மணி நேரமாகும், அதற்குப் பிறகும் வெகுநேரம் முனகுவார், கட்டில் கிறீச்சிடும். ஒரு நாள் ஆறு மணிக்குத் தூங்கிவிட்டாரே என்று தள்ளிப்போட்டு, ஆறரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஊதல் வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு கேட்டு முடித்தபின் திருப்பிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கேட்டு முடித்தபின் பாதி நாள் அதையும் எட்டு மணித் திருப்பலையும் மறந்தேன். நான்கு மணிக்கு அவள் மல்லாக்கப் படுக்க வைத்த அப்பா, காற்று இறங்கிப்போன மெத்தையில் எட்டரைவரை மல்லாக்கவே கிடந்தார்.

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக எழுத முடிகிறது. அப்போது மட்டும் கணக்கே தெரியாதவன்போல இருந்தேன்.

ஒரு நாள் அப்பா, "கல்லு மேல... படுத்த மாரி... இருக்கு" என்றார். நான் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனைத் தூக்கினேன். "இந்தா ஆயிருச்சிப்பா, அஞ்சே நிமிசம்" என்றேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். அன்று ஊதல் வரவில்லை. அந்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாயிற்று.

அதற்குப் பிறகு அவர் முறையிடவில்லை. ஒன்று மட்டும் கேட்பார். "வந்திருச்சா?" என்பார். இன்னும் இல்லப்பா என்பேன். சற்றுக் கழித்து மறுபடி, "வந்திருச்சா?" என்பார். வந்துவிட்டது என்று சொன்னால் அவர் முகம் மலரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பாவுக்கும் இதில் ஆர்வம் வந்துவிட்டது, தினமும் என்னோடு காத்திருக்கிறார் என்று குழுவில் எழுதினேன். நிறையப் பேர் அதற்கு இதயப் படம் போட்டார்கள். அது வந்தால்தான் பம்ப் ஓடும் என்பதற்காகவே அந்த மனிதர் காத்திருந்தார் என்பது என் மண்டைக்கு வெகு நாள் எட்டவில்லை. எட்டியிருக்கும், நான்தான் விடவில்லை.

காலையில் உடம்பு துடைத்துவிடுவது மனைவி. முதுகுத்தண்டு முடியும் இடத்தில் சிவந்திருப்பதை அவள்தான் பார்த்தாள்.

"மெத்தையில என்னமோ கோளாறுங்க. காத்து சரியா ஏறல போல. நீங்க டெக்னீசியன்தான, கழட்டிப் பாருங்களேன்."

கழற்றிப் பார்த்தேன். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லாத பம்பைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, தூசு தட்டி, ஊதி, மறுபடி மாட்டினேன். "நல்லாத்தான் ஓடுது" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை பாருங்கள். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். நினைத்தால் இன்றைக்கும் அந்த டார்ச் வெளிச்சத்தில்தான் எனக்குக் கூசுகிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நேரத்தைக் குறைத்துக்கொண்டேன், அதுவே பெரிய தியாகம் என்று நினைத்தேன். குழுவில் கேட்டிருந்த பதிவுகள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பதாவது நாளுக்குள் சிவப்பு கறுத்து, தோல் விட்டுப்போய், குழி விழுந்துவிட்டது.

நீலாயில் இருக்கும் என் அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போனபின் எனக்குத் தலை வாரிவிட்டவள். மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தபடி மனைவி புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்துவிட்டாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, கண்ணு எங்க வச்சிருந்த? மனுசன் அழுகிப் போற வரைக்கும் பாத்துகிட்டா இருந்த? கடைக்குப் போயி எவன் வூட்டு சன்னலுக்கோ சீல தைக்கத் தெரியுது, மாமனாரத் திருப்பிப் போடத் தெரியலயா?"

மனைவி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "நான் போறப்ப திருப்பிப் போட்டுட்டுத்தான் அண்ணி போறேன். வந்ததும் பாக்குறேன்" என்றாள். என்னைப் பார்த்தாள். நடுவில் இருக்கும் நாலரை மணி நேரத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சரிதான். பாவம் அங்கேயே நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கால் விரலைப் பார்த்தபடி நின்றது.

அப்போது அப்பா பேசினார். சுவரைப் பார்க்க ஒருக்களித்துப் படுத்திருந்தவர், திரும்பக்கூட முடியாமல், அப்படியே பேசினார்.

"நாந்தான்... நிப்பாட்ட... சொன்னேன். சத்தம்... புடிக்கல."

அக்காவுக்குப் புரியவில்லை. அப்பா நல்ல கையைக் கால்மாட்டுப் பக்கம் நீட்டிப் பம்பைக் காட்டினார். அக்கா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மோட்டார நீங்களா நிப்பாட்டச் சொன்னீங்க? ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று அழத் தொடங்கினாள். நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அப்பா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்ற நிம்மதி அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பொய் என்னை மட்டும்தான் காப்பாற்றியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மனைவியிடம்தான் திரும்பினாள்.

"அவருதான் வெவரம் தெரியாம சொன்னாருன்னா, நீ நிப்பாட்டிருவியா? வூட்டுல இருந்தாத்தான இதெல்லாம் தெரியும்."

அக்கா போனபின் சமையலறையில் மனைவி கேட்டாள். "எத்தன நாளு?"

"ரெண்டு மாசம்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "மாமா ஒரு நாளும் எங்கிட்ட சத்தமா இருக்குன்னு சொன்னதில்ல" என்றாள். பிறகு சொன்னாள். "அண்ணிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா புருசன் மேல பழியப் போட்டுத் தப்பிக்கிறான்னு ஆயிரும். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவள் லுக்குட்டுக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள். கடைக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் ஏன் என்று கேட்டாராம். அதை அவள் நடித்துக் காட்டவில்லை.

அன்றிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை அலாரம் வைத்து நாங்கள் இருவருமாக அப்பாவைத் திருப்பினோம். பம்ப் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. வானொலியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு மாலை அப்பாவிடம் கேட்டேன், ஏம்பா அப்படிச் சொன்னீங்க என்று. "ஒனக்கு... அது... புடிச்சிருந்திச்சி" என்றார். அவர் கால்மாட்டில் தலையை வைத்து அழுதேன். அவருடைய நல்ல கை என் தலைக்கு எட்டவில்லை. புண் பாதி ஆறியது, முழுக்க ஆறவே இல்லை. எட்டு மாதம் கழித்து நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். புண்ணால் சாகவில்லை என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன், முடியவில்லை.

மெத்தையை வேறொரு வீட்டுக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஒரு மாலை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வானொலியை எடுத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்தேன். எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்கு மேல் ஆறு ஊதலும் வந்தன, எப்போதையும்விடத் துல்லியமாக. இரண்டாவது சுற்றிலேயே அணைத்துவிட்டேன். குழுவுக்கு எழுதவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. கருமாதி முடியட்டும் என்றேன், தீபாவளி போகட்டும் என்றேன், அக்காவுக்கு ரத்த அழுத்தம் என்றேன். என் மனைவி நினைவூட்டுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். அக்கா எங்கள் வீட்டுக்கு வருவாள், போவாள். என் மனைவி கொடுக்கும் தேநீரைத் தொடாமல், ஆறிப்போக விட்டுவிட்டு எழுந்து போவாள். கழுவும் தொட்டியில் அந்தத் தேநீரைக் கொட்டும்போது என் மனைவி என்னைப் பார்க்க மாட்டாள்.

அப்பாவின் முதல் வருடத் திதி வந்தது. படையல் முடிந்து, கூடத்தில் பாயை விரித்து இலை போட்டு உட்கார்ந்தோம். அக்கா, அத்தான், அக்காவின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, கண்ணீரோடு சொன்னாள்.

"பிடிவாதக்காரரு. மோட்டார் சத்தம் புடிக்கலன்னு அத அடைக்கச் சொல்லிச் சொல்லியே புண்ணத் தேடிகிட்டாரு. வூட்டுல ஒரு பொம்பள இருந்து அதட்டியிருந்தா கேட்டிருப்பாரு."

என் அப்பாவிடம் பிடிவாதம் என்ற ஒன்றே கிடையாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எந்த வரிசையைக் காட்டினாலும் அங்கே போய்க் குலை வெட்டியவர். நான் கல்லாக்கிய படுக்கையிலும் ஒரு தடவைதான் வாய் திறந்தார். செத்துப்போனவருக்கு இல்லாத குணத்தை நான் ஒட்டவைத்துவிட்டேன், இனி பேரப்பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. எப்படி வந்ததோ, குரல் வந்துவிட்டது.

"இல்லக்கா. அப்பா ஒன்னும் சொல்லல. நாந்தான் அடைச்சி வச்சேன். ரேடியோ கேக்கறதுக்கு. திருப்பிப் போடாம விட்டதும் நாந்தான். அவளுக்கு எதுவுமே தெரியாது."

அக்கா என்னையே பார்த்தாள். அவள் முகம் இளகியது. நான் பயந்தபடி கோபத்தால் இறுகவில்லை.

"போதும்டா தம்பி. எனக்குத் தெரியாதா? அப்பா தன் வாயால சொன்னாரு, இந்தக் காதால கேட்டேன். அவரு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தவன் நீ, இந்த ஊரே பாத்துச்சி. அப்பா பேரும் கெடக்கூடாது, பொண்டாட்டி பேரும் கெடக்கூடாதுன்னு எல்லாத்தயும் தூக்கி உன் தலையில போட்டுக்காத." பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். தணித்தாலும் அங்கே கேட்கும்படிதான் இருந்தது. "யாரு சொல்லிக் கொடுத்து பேசுறன்னும் தெரியுது."

நான்காவது வீட்டு அம்மா, "தங்கமான புள்ளலா" என்றார். அத்தான் தலையசைத்தார். பேச்சு வேறு பக்கம் போயிற்று.

என் மனைவி சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். ஒவ்வோர் இலைக்கும் குனிந்து ஊற்றினாள். அக்கா இலையின் மேல் கையை மறித்துக் காட்டினாள், மனைவி அவளைத் தாண்டி என்னிடம் வந்தாள். கரண்டியில் சாம்பாரை மொண்டு வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள். இன்னொரு தடவை சொல்வேனா என்று பார்த்தாள். இந்த முறை உரக்க, யார் என்ன சொன்னாலும் விடாமல், அக்கா நம்பும்வரை சொல்வேனா என்று. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சமாக ஊற்று என்றேன்.